பயிரும் பாதையும் – 9: ஈரம் காயாத கோலா

கோலா மரம் மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காட்டுக்குச் சொந்தமானது. அதன் கொட்டையை மிகுதியாக மென்றவர்களும், விருந்தினர் கையில் கொடுத்தவர்களும், திருமணத்துக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் பங்கிட்டவர்களும் பெரும்பாலும் அந்தக் காட்டுக்குப் பல நூறு கிலோமீட்டர் வடக்கே, புல்வெளி நாடுகளிலும் சகாரா பாலைவனத்தின் விளிம்பிலும் வாழ்ந்தார்கள். மரத்தைக் கண்ணால் காணாமலேயே தலைமுறை தலைமுறையாகக் கொட்டையை மென்றவர்கள் அவர்கள். கொட்டை காய்ந்துபோனால் மதிப்பிழந்துவிடும். பச்சையாகவே அது போய்ச் சேர வேண்டியிருந்ததால், பாதைகளும் சந்தை நகரங்களும், வெளியூர்க்காரரிடம் சரக்கை நம்பி ஒப்படைக்கும் தரகு முறையும் அதைச் சுற்றி வளர்ந்தன. கோலாவின் வரலாற்றைப் படிக்கும்போது அதிலுள்ள கஃபீனைப் போலவே அதிலுள்ள ஈரத்தையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

தாவர முறையில் கோலாவும் கொக்கோவும் உறவு மரங்கள். இரண்டும் இன்று மால்வேசி குடும்பத்தில் வைக்கப்படுகின்றன. பருத்தியும் பூவரசும் அதே குடும்பம்தான். கோலா இனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருந்தாலும் வரலாற்றில் பெயர் பெற்றவை இரண்டு. சியரா லியோன், லைபீரியா தொடங்கி ஐவரி கோஸ்ட், கானா வரை இயல்பாக வளர்ந்தது கோலா நிடிடா. இதன் கொட்டை இரண்டே பிளவாகப் பிரியும். நைஜீரியாவிலிருந்து கேமரூன், காபோன், காங்கோ வழியாக அங்கோலா வரை பரவியது கோலா அக்யுமினாட்டா. இதன் கொட்டை மூன்று முதல் ஆறு பிளவுகள் வரை பிரியும். தொலைதூர வணிகத்தில் முதல் வகைக்கும், இன்றைய நைஜீரியாவின் தென்பகுதிச் சடங்குகளில் இரண்டாவது வகைக்கும் முதலிடம் இருந்தது. பிளவுகளின் எண்ணிக்கை ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பது பின்னால் வரும்.

இலை உதிராத இந்த மரம் 12 முதல் 20 மீட்டர் உயரம் வளரும். விதையிட்டு வளர்த்தால் முதல் காய்ப்புக்கு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நிறைவாகக் காய்க்க இருபது ஆண்டுகள் வரை ஆகும். ஒரு காம்பில் ஐந்து வரை நெற்றுகள் நட்சத்திர வடிவில் விரிந்திருக்கும். ஒவ்வொரு நெற்றுக்குள்ளும் வெள்ளைத் தோல் போர்த்திய விதைகள் வரிசையாக அமைந்திருக்கும். அந்த விதையின் பருப்பைத்தான் கொட்டை என்று சொல்கிறோம். நிறம் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். நிடிடா வகையில் ஒரே நெற்றில் இரு நிறக் கொட்டைகள் கிடப்பதும் உண்டு. சந்தையில் வெள்ளைக்கே மதிப்பு அதிகம். ‘கசப்புக் கோலா’ என்று மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் விற்கப்படும் இன்னொரு கொட்டை வேறு குடும்பத்து மரத்தில் காய்ப்பது. அதில் கஃபீன் கிடையாது.

புதிதாகப் பறித்த கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். காற்றுப் பட்டால் சில நாளில் சுருங்கி, கறுத்து, மரக்கட்டை போல் இறுகிவிடும். ஈரம் அளவுக்கு மீறினால் பூஞ்சை பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கொட்டையைப் பல மாதம் வைத்திருக்கும் கலை காட்டோர ஊர்களில் வளர்ந்தது. நெற்றை உடைத்து எடுத்த விதைகளைச் சில நாள் குவித்து வைத்தோ ஊறவைத்தோ தோலை அழுக விடுவார்கள். பிறகு கழுவி, ஈரம் வடித்து, அகன்ற பச்சை இலைகள் விரித்த கூடைகளில் அடுக்குவார்கள். வழிநெடுகக் கூடையை அவிழ்த்து, வாடிய இலைகளை மாற்றி, தண்ணீர் தெளித்து, கூன்வண்டு துளைத்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்து மறுபடி கட்ட வேண்டும். துளை விழுந்த ஒரே கொட்டை கூடை முழுவதையும் கெடுத்துவிடும். கோலா வணிகருக்குத் தேவைப்பட்ட முதல் திறமை பேரம் பேசுவது அன்று. கூடையைத் திறக்க வேண்டிய நாள் எது என்று அறிவதுதான். கவனமாகப் பார்த்துக்கொண்டால் கொட்டை அரை ஆண்டுக்கு மேலும் பச்சை மாறாமல் இருக்கும்.

கோலாவை விழுங்குவதில்லை. ஒரு பிளவைக் கடித்து, கன்னத்தில் ஒதுக்கி, மெதுவாக மென்று சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிவிடுவார்கள். முதலில் நாக்கைப் பிடிக்கும் கசப்பும் துவர்ப்பும் இருக்கும். மெல்ல மெல்ல வாயில் இனிப்பு ஊறும். நெல்லிக்காய் தின்ற வாய்க்குத் தண்ணீர் இனிப்பது போலவே, கோலா மென்றபின் குடிக்கும் நீரும் இனிக்கும். கிணறுகள் தொலைவில் இருக்கும் வறண்ட நாட்டில், உப்புக்கரிக்கும் நீரையும் கலங்கல் நீரையும் குடிக்க நேர்ந்தவர்களுக்கு இந்த ஒரு குணமே கோலாவைத் தேடப் போதுமான காரணமாயிற்று.

உடலில் அது செய்யும் வேலைக்குக் காரணம் கஃபீன். உலர்ந்த எடையில் சுமார் 2 விழுக்காடு அளவில் அது கொட்டையில் இருக்கிறது. மரத்துக்கு மரம் இதில் கூடுதல் குறைவு உண்டு. கொக்கோவில் உள்ள தியோபுரோமினும் சிறிதளவு உண்டு. விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து சோர்வை உண்டாக்குகிறது. அது போய் அமர வேண்டிய இடங்களைக் கஃபீன் பிடித்துக்கொள்வதால் களைப்பு உணரப்படாமல் தள்ளிப்போகிறது. பசி மட்டுப்படும், தூக்கம் விலகும், நடையில் தெம்பு வரும். உணவுக்கு ஈடாக அது ஆகாது; பசியை மறக்க வைக்கும், அவ்வளவுதான். பச்சைக் கொட்டையில் கஃபீன், கேட்டக்கின் என்ற துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்திருக்கிறது. மென்று உறிஞ்சும் முறையும் மெதுவானது. அதனால் அதன் வேலை காப்பியைப் போலச் சட்டென்று ஏறாமல் நிதானமாகப் பரவுவதாகச் சொல்லப்படுகிறது. காயும்போது இந்தப் பிணைப்பு உடைந்து, கொட்டை செம்பழுப்பாகிறது.

நெடுந்தூரம் நடப்பவர், சுமை தூக்குபவர், வயலில் மண்வெட்டி பிடிப்பவர், இரவெல்லாம் குர்ஆன் ஓதுபவர், படைவீரர் எல்லோரும் கோலாவை நாடினர். தலைவலிக்கும் குமட்டலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதை மென்றார்கள். கஃபீன் தலைவலியைத் தணிப்பதும், துவர்ப்புப் பொருள் வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்துவதும் இந்தப் பழைய கைவைத்தியத்துக்கு ஓரளவு ஆதாரமாகின்றன. இளங்குச்சிகள் பல்குச்சியாகப் பயன்பட்டன. கொட்டையின் சாறு துணிக்குப் பழுப்புச் சாயமாயிற்று. தீங்குகளையும் மக்கள் அறிந்தே இருந்தனர். மிகுதியாக மென்றால் தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், வெறும் வயிறு எரியும். காலம் முழுக்க மென்றவர்களின் பற்களில் செங்கறை ஏறியிருக்கும். அந்தக் கறை பல ஊர்களில் வசதியானவர்களின் அடையாளமாகவே கருதப்பட்டது. அன்றாடம் கோலா வாங்கும் வசதி எல்லோருக்கும் இருக்கவில்லை.

வடக்கே கோலா சென்றது எப்போது தொடங்கிற்று என்பதற்கு எழுத்துச் சான்றுகள் 15-ஆம் நூற்றாண்டுச் செய்திகளிலிருந்து தெளிவடைகின்றன. இன்றைய வட நைஜீரியாவில் உள்ள ஹவுசா நாட்டின் ‘கானோ வரலாறு’ என்ற அரபு நூல், சசாவின் இளவரசி ஆமினாவுக்கு நூப்பே மன்னன் அனுப்பிய திறைப் பொருள்களில் பத்தாயிரம் கோலாக் கொட்டைகளும் இருந்ததாகச் சொல்கிறது. ஹவுசா நாட்டில் கோலாவை முதலில் உடைமையாகப் பெற்றவள் அவளே என்றும் குறிப்பிடுகிறது. அதே நூற்றாண்டின் நடுவில் மேற்கே கொஞ்சா நாட்டுக்கான வழி திறந்த செய்தியும் அந்நூலில் உண்டு. அரசனின் திறைப்பட்டியலில் இடம்பெறும் அளவு அரிய பொருளாகவே கோலா முதலில் அங்கே நுழைந்திருக்கிறது. தெற்கே, காங்கோ நாட்டைப் பற்றி 1591-இல் வெளியான பிகாஃபெட்டாவின் நூலும், மேல் கினிக் கரையைப் பற்றி 1594-இல் ஆல்வாரெஸ் த அல்மாடா எழுதிய நூலும் கோலாவைக் குறிப்பிடுகின்றன. போர்ச்சுக்கீசியர் அந்த வணிகத்தைத் தொடங்கவில்லை. ஏற்கெனவே நடந்துவந்த வணிகத்தில், சியரா லியோன் கரையிலிருந்து வடக்கே காம்பியா வரை படகில் கொட்டையை ஏற்றிச்செல்லும் இடைத்தரகராகப் புகுந்தார்கள்.

உள்நாட்டில் இந்த வணிகத்தின் முதல் தலைமுறை மாண்டே மொழி பேசிய முஸ்லிம் வணிகர்கள். ஜூலா என்றும் வங்காரா என்றும் அழைக்கப்பட்ட அவர்கள் நைஜர் ஆற்று நகரங்களிலிருந்து காட்டு ஓரம் வரை சிறுசிறு குடியிருப்புகளை அமைத்தார்கள். பேகோ, கோங், போபோ-ஜூலாசோ போன்ற நகரங்கள் பொன்னாலும் கோலாவாலும் செழித்தன. வடக்கிலிருந்து சகாரா உப்பு வந்தது. தெற்கிலிருந்து கோலா போயிற்று. இந்தப் பாதையை உள்ளிருந்து பார்த்து எழுதிய ஐரோப்பியர் பிரெஞ்சுக்காரரான ரெனே காயே. முஸ்லிம் வேடத்தில் பயணம் செய்த அவர் 1827-இல் தியேமே என்ற ஊரில் நோயுற்றுப் பல மாதம் கிடந்தார். 1828 தொடக்கத்தில் கோலா சுமந்து ஜென்னே நகருக்குப் புறப்பட்ட ஒரு மாண்டிங்கோ வணிகச் சாத்தோடு சேர்ந்து நடந்தார். ஆண்களும் பெண்களும் தலைச்சுமையாகவே கொட்டையைக் கொண்டு சென்றார்கள். அந்தக் கூட்டத்தின் துணையால்தான் அவ்வாண்டு ஏப்ரலில் அவர் திம்புக்துவை அடைய முடிந்தது. அவருடைய புகழ்பெற்ற பயணத்தின் பெரும்பகுதி கோலா வணிகரின் வழக்கமான பாதை என்பதைப் பயண வரலாறுகள் போதிய அளவு சொல்வதில்லை.

கோலா வணிகத்தின் பெரிய காலம் அசாந்திப் பேரரசோடு வந்தது. இன்றைய கானாவின் நடுப்பகுதியில், குமாசியைத் தலைநகராகக் கொண்டு எழுந்த இந்த அரசு நல்ல கோலா விளையும் காடுகளைத் தன் ஆட்சியில் வைத்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வடக்கே கொஞ்சாவையும் தன் மேலாதிக்கத்துக்குள் கொண்டுவந்தது. அசாந்தியின் வெளிவணிகம் அதுவரை கடற்கரைக் கோட்டைகளை நோக்கி இருந்தது. அங்கே முக்கியச் சரக்கு அடிமைகள். 1807-இல் பிரிட்டன் அட்லாண்டிக் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பிறகு அந்த வருவாய் சரியத் தொடங்கியது. அசாந்தி ஆட்சியாளர் வடக்கே திரும்பினர். அதே காலத்தில் ஹவுசா நாட்டில் உஸ்மான் தான் போடியோவின் ஜிஹாத் வெற்றி பெற்று, 1804-க்குப் பின் சொகோட்டோ கலிபா ஆட்சி உருவாகியிருந்தது. மது விலக்கப்பட்ட அந்தச் சமுதாயத்தில் மார்க்கம் தடுக்காத ஊக்கப்பொருளாகக் கோலாவின் தேவை பெருகிற்று. தெற்கே ஒரு சந்தை மூடியதும் வடக்கே ஒரு சந்தை விரிந்ததும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் நடந்தன. இந்தப் பொருத்தம் இல்லாமல் கோலா வணிகம் 19-ஆம் நூற்றாண்டில் அத்தனை பெரிதாகியிருக்க முடியாது.

இரு நாடுகளும் சந்தித்த இடம் சலகா. காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையில், கொஞ்சா நாட்டில் இருந்த சந்தை நகரம் அது. காட்டுக்குள் செட்சி ஈ கடித்துக் கழுதைகள் மடிந்துபோகும். ஆகவே தெற்கிலிருந்து தலைச்சுமையாக வந்த கோலா இங்கேதான் கழுதை முதுகுக்கு மாறியது. இயற்கை வகுத்த இந்த எல்லையை அசாந்தி அரசு தன் கொள்கையாலும் உறுதிசெய்தது. வடக்கத்திய வணிகர் காட்டுக்குள் நுழைந்து நேரடியாகக் கொள்முதல் செய்யாதபடி சலகாவிலேயே நிறுத்தப்பட்டனர். பாதைகளில் காவலர் இருந்தனர். பருவம் தொடங்கியதும் அரசின் சரக்கு முதலில் சந்தைக்குப் போகும். நல்ல விலை கிடைத்த பிறகே தனியார் சுமைகளுக்கு வழி விடப்படும்.

கானோவிலிருந்து சலகா நேர்கோட்டிலேயே சுமார் 1,000 கிலோமீட்டர். ஆற்றையும் கொள்ளைக்காரரையும் சுங்கச் சாவடிகளையும் கடந்து அங்கே போய்த் திரும்ப மாதக்கணக்காகும். ஹவுசா சாத்துகள் ஆயிரக்கணக்கான ஆட்களும் கழுதைகளுமாக நகர்ந்தன. ‘மடுகு’ எனப்பட்ட சாத்துத் தலைவன் வழியையும் தங்குமிடத்தையும் முடிவுசெய்தான். சிற்றரசர்களிடம் சுங்கம் பேசினான். உடன் வந்த பெண்கள் சமைத்தார்கள், வழிநெடுகச் சிறு வியாபாரமும் செய்தார்கள். வடக்கிலிருந்து துணி, தோல்பொருள், கால்நடை, நேட்ரான் என்னும் கார உப்பு ஆகியவை போயின. சில்லறைக் கணக்குக்குச் சோழி பயன்பட்டது. மாலத்தீவில் எடுத்து இந்தியப் பெருங்கடல் வழியாக ஐரோப்பியக் கப்பல்களில் போன அதே சோழி. அடிமைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. வடக்கே சிறைப்பிடிக்கப்பட்டவர்கள் சலகாவில் கோலாவுக்கு விற்கப்பட்டார்கள். அசாந்தி நாட்டில் அவர்களில் பலர் அதே கோலாவைப் பறிக்கவும் சுமக்கவும் வைக்கப்பட்டார்கள். சலகாவின் செழிப்பைப் பேசும் எவரும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இவ்வளவு தூரம் வந்த வணிகருக்கு இறங்கும் ஊரில் ஓர் ஆள் வேண்டும். ‘மை கிடா’ எனப்பட்ட வீட்டுக்காரர் அந்த ஆள். வணிகர் அவர் வீட்டில் தங்குவார், உண்பார், சரக்கை அவரிடம் ஒப்படைப்பார். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்து, கடனுக்கு அவர் பொறுப்பேற்பார். பதிலுக்குத் தரகு எடுத்துக்கொள்வார். எழுதப்பட்ட பத்திரம் அரிதாக இருந்த காலத்தில் பெருந்தொகைக் கடன்கள் இந்த உறவின் பலத்தில் கைமாறின. ஒரே மொழி, ஒரே மார்க்கம், திருமண உறவு ஆகியவை அதற்கு அடிப்படை. கெட்டுப்போகும் சரக்கை வைத்துக்கொண்டு அந்நிய ஊரில் வாங்குபவருக்காகக் காத்திருக்க இயலாது. நாள் கடந்தால் நட்டம். ஆகையால் கோலாவுக்கு இந்த அமைப்பு உப்பையும் துணியையும்விட அவசியமாயிற்று.

1874-இல் பிரிட்டிஷ் படை குமாசிக்குள் புகுந்து எரித்தது. அசாந்தியின் பிடி தளர்ந்ததும் கொஞ்சா விலகிக்கொண்டது. வணிகம் சலகாவை விட்டு கெட்டே-கிராச்சி, கின்டாம்போ ஆகிய இடங்களுக்குப் பிரிந்தது. 1888-இல் பிரெஞ்சு அதிகாரி பெங்கே சலகாவுக்கு வந்தபோது அது பழைய பெருமையை இழந்துகொண்டிருந்த நகரம்.

வணிகப் பாதைகளின் முனையில் கோலா என்னவாகப் பயன்பட்டது என்பதற்கு விடை இடத்துக்கு இடம் மாறும். மாலி, செனகல், ஹவுசா நாடு போன்ற முஸ்லிம் சமுதாயங்களில் பெண் கேட்டுப் போகிறவர்கள் கோலா கொண்டுபோவார்கள். பெண் வீட்டார் அதை ஏற்றுக்கொண்டால் பேச்சு தொடங்கலாம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலும், இறப்பு வீட்டிலும், வழக்குத் தீர்ந்து சமாதானம் ஆகும்போதும் கோலா பங்கிடப்படும். தானமாகவும் அது கொடுக்கப்பட்டது. பெரியவரைப் பார்க்கப் போகிறவர் கையில் நாலு கொட்டையாவது இருக்க வேண்டும். வெள்ளைக் கோலா நட்பையும் நல்லெண்ணத்தையும் தெரிவித்தது. இங்கெல்லாம் பயன்பட்டது இரண்டே பிளவுள்ள வணிகக் கோலா. பிளவுகளின் எண்ணிக்கை இங்கே பொருட்டே இல்லை; பகிர்வதுதான் பொருள்.

நைஜர் ஆற்றின் கிழக்கே இக்போ மக்களிடம் நிலைமை வேறு. அவர்கள் சடங்குக்கு எடுப்பது பல பிளவுள்ள அக்யுமினாட்டா வகை. வீட்டுக்கு வந்தவரிடம் வேறு எந்தப் பேச்சும் எடுப்பதற்கு முன் கோலா வைக்கப்படும். தட்டு நேராக உண்பதற்குப் போகாது. விருந்தினர் ஒவ்வொருவரிடமும் உறவு முறை வரிசையில் காட்டப்பட்டு, மறுபடி வீட்டுக்காரரிடமே திரும்பி வரும். பிறகு கூட்டத்தில் மூத்தவர் அதைக் கையில் எடுத்து முன்னோரையும் தெய்வங்களையும் அழைத்து வேண்டுவார். வேண்டுதல் இக்போ மொழியில்தான் இருக்க வேண்டும். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பது அங்கே எல்லோரும் அறிந்த வழக்கு. உடைத்துப் பங்கிடுவது பெரும்பாலும் இளையவரின் வேலை. உடைந்ததும் பிளவுகளை எண்ணுவார்கள். நான்கு என்றால் எகே, ஒரியே, அஃபோ, இன்க்வோ என்ற நான்கு சந்தை நாள்களோடு பொருந்துவதால் அது நிறைவின் அடையாளம். ஐந்து என்றால் செல்வமும் மக்கட்பேறும். இரண்டு பிளவுள்ள வடநாட்டுக் கோலா மெல்ல மட்டுமே; சடங்கில் அதற்கு இடமில்லை. விருந்தினர் ஒரு கொட்டையை வீட்டுக்கு எடுத்துச்சென்று, தாம் எங்கே மதிக்கப்பட்டோம் என்பதைத் தம் வீட்டாருக்குக் காட்டுவார். பெண்கள் கோலா மரம் ஏறுவதையும், ஆண்கள் இருக்கும் அவையில் கோலா உடைப்பதையும் மரபு தடுத்தது. விருந்தோம்பலின் உச்சமாகப் போற்றப்பட்ட ஒரு சடங்கின் நடுவிலேயே வீட்டில் பாதிப்பேர் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சினுவா அச்செபே 1958-இல் வெளியிட்ட ‘சிதைவுகள்’ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இந்த உபசாரம் வருகிறது. கடன் கேட்க வந்தவருக்கும் கடன்பட்டவர் முதலில் கோலாதான் வைக்கிறார்.

யொருபா மக்களிடம் கோலா தெய்வத்தோடு பேசும் கருவி. ‘ஓபி அபாட்டா’ எனப்படும் நான்கு பிளவுக் கொட்டையைப் பிரித்து, வேண்டிக்கொண்டு தரையில் போடுவார்கள். நான்கில் இரண்டு ஆண் பிளவு, இரண்டு பெண் பிளவு என்று வேறுபடுத்துவார்கள். எத்தனை முகம் மேலே விழுந்தன, எவை விழுந்தன என்பதைக் கொண்டு விடை சொல்லப்படும். இரண்டு மேலும் இரண்டு கீழுமாக விழுந்தால் நல்ல விடை. பெரும்பாலான தெய்வங்களுக்குக் கோலா படைக்கப்பட்டாலும் இடித் தெய்வமான ஷாங்கோவுக்குக் கசப்புக் கோலாவே உரியது.

கினிக் காட்டோர ஊர்களில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைப் புதைத்த இடத்தில் கோலாக் கன்று நடும் வழக்கம் இருந்தது. பிள்ளை வளர்ந்து பெரியவனாகும்போது மரமும் காய்க்கத் தொடங்கும். காய்ப்பு அவனுக்குச் சொத்து.

அட்லாண்டிக் கடலைக் கோலா கடந்தது அடிமைக் கப்பல்களில். நாள்பட்டு நாறிய தண்ணீரைக் குடிக்கத் தகுந்ததாக்கவும் சிறைப்பட்டவர்களின் தெம்பைக் காக்கவும் கொட்டை ஏற்றப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஜமைக்காவில் மரம் வேரூன்றியிருந்தது. ஹான்ஸ் ஸ்லோன் அந்தத் தீவைப் பற்றி எழுதிய நூலில் அதைப் பதிவுசெய்தார். அங்கே இன்றும் துருவி உலர்த்திய கொட்டையைக் கொதிக்கவைத்து, நஞ்சை முறிக்கும் மருந்தாகவும் வயிற்றுக்கோளாறுக்கு மருந்தாகவும் குடிக்கிறார்கள். அதற்கு அவர்கள் வழங்கும் ‘பிஸ்ஸி’ என்ற பெயர் அசாந்தியர் உள்ளிட்ட அகான் மக்களிடமிருந்து வந்தது. பிரேசிலின் பாஹியாவில் ஆப்பிரிக்க வேர் கொண்ட கந்தோம்பிளே வழிபாட்டில் கோலாக் கொட்டையே தொடர்ந்தது. கியூபாவில் அதன் இடத்தைத் தேங்காய் பிடித்துக்கொண்டது. நான்கு தேங்காய்த் துண்டுகளைப் போட்டுத் தெய்வத்தின் விடையை அறியும் முறைக்கு ஓபி என்ற பழைய பெயரே நிலைத்தது.

ஐரோப்பிய அறிவியல் கோலாவைக் கையில் எடுத்தது 1860-களில். டேனியல், ஆட்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1865-ஐ ஒட்டி அதில் கஃபீன் இருப்பதைக் காட்டினர். 1880-களில் பிரான்சில் எதுவார் ஹெக்கெலும் ஷ்லாக்டென்ஹாஃபனும் விரிவாகப் பகுத்தாய்ந்தனர். ஹெக்கெல் ஒரு கேள்வியை விடாமல் பிடித்திருந்தார்: கோலா செய்யும் வேலை முழுவதற்கும் கஃபீன் மட்டும்தான் காரணமா? பச்சைக் கொட்டையில் உள்ள செம்பொருளுக்கும் பங்கு உண்டு என்று அவர் வாதிட்டார். எல்லாம் கஃபீனே என்று மற்றவர்கள் மறுத்தனர். விவாதம் நடந்த காலத்தில் ஐரோப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் உலர்ந்த கொட்டை. ஆப்பிரிக்கர் தொட மறுக்கும் நிலையில் இருந்த சரக்கைத்தான் ஐரோப்பிய மருந்துக்கடைகள் பொடித்தன. கோலா ஒயின், கோலா பிஸ்கட், கோலா மாத்திரை என்று சந்தை நிரம்பியது. படைவீரர்களின் நெடுநடைக்குக் கோலா பிஸ்கட் சோதிக்கப்பட்டது. பரோஸ் வெல்கம் நிறுவனம் கோலாவும் கோகா இலையும் சேர்ந்த ‘ஃபோர்ஸ்டு மார்ச்’ மாத்திரையை விற்றது. ஜெர்மனியில் 1930-களின் நடுவில் வெளிவந்த ‘ஷோகா-கோலா’ என்ற வட்டத் தகர டப்பா சாக்லேட், போர்க்காலத்தில் விமானிகளின் உணவுப் பொதியில் இடம்பெற்றது.

இந்த அலையில்தான் அட்லாண்டாவின் மருந்து வணிகர் ஜான் பெம்பர்டன் 1886-இல் கோகா-கோலாவைத் தயாரித்தார். உள்ளூரில் மதுவிலக்கு வந்ததால், கோகா இலையும் கோலாவும் சேர்த்துத் தாம் விற்றுவந்த ஒயினுக்கு மதுவில்லாத மாற்றாக அதை உருவாக்கினார். இரண்டு மூலப்பொருள்களே பெயராயின. ஆனால் கால்நூற்றாண்டுக்குள் பானத்தின் கஃபீன் தனியே சேர்க்கப்படும் பொருளாக மாறியிருந்தது. 1911-இல் சட்டனூகா நகரில் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. சேர்க்கப்பட்ட கஃபீன் உடலுக்குத் தீங்கானது என்பது ஒன்று; பெயரில் உள்ள கோகா பானத்தில் இல்லை, கோலா இருந்தாலும் மிகச் சொற்பம், எனவே பெயரே ஏமாற்று என்பது மற்றொன்று. நிறுவனத்தின் சார்பில் ஹாரி ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் 16 பேரிடம், யார் உண்டது கஃபீன், யார் உண்டது கஃபீன் இல்லாத உறை என்பது சோதிப்பவருக்கும் தெரியாத முறையில் ஆய்வு நடத்தினார். மிதமான அளவு வேலைத் திறனைக் கூட்டுகிறது, அதிக அளவு தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கண்டது. கோலா மென்றவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதுவே. வழக்கு 1916-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், பின்னர் பானத்தில் கஃபீனைக் குறைக்கும் உடன்பாட்டோடு முடிந்தது. அதற்குள் ‘கோலா’ ஒரு பானவகையின் பொதுப்பெயராகிவிட்டது. உலகச் சந்தையில் பெயர் மட்டும் பரவ, கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவிலேயே தங்கிற்று.

அங்கே அதன் பாதையை ரயிலும் நீராவிக் கப்பலும் மாற்றின. ஃப்ரீடவுனில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த கிரியோ பெண்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சியரா லியோன் கோலாவைக் கப்பலேற்றி காம்பியாவுக்கும் செனகலுக்கும் அனுப்பும் பெருவணிகராக உயர்ந்திருந்தனர். 1903-இல் கடற்கரையிலிருந்து குமாசிக்கு ரயில் வந்தது. 1912-ஐ ஒட்டி லாகோசிலிருந்து கானோவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அசாந்திக் கோலா குமாசியில் ரயிலேறி, கடலில் லாகோசுக்கு வந்து, மறுபடி ரயிலில் வடக்கே போயிற்று. மாதக்கணக்கான நடை வாரக்கணக்கில் சுருங்கியது. கழுதைச் சாத்துகள் மறைந்தன. ரயில் பாதை தங்கள் ஊர் வழியே போவதைக் கண்ட யொருபா விவசாயிகள் அகேகே, அபேயோகுட்டா, இஜேபு பகுதிகளில் நிடிடா வகையைத் தாங்களே நட்டார்கள். மரங்கள் காய்ப்புக்கு வந்ததும் கானாவிலிருந்து இறக்குமதி சரிந்தது. இரண்டு தலைமுறைக்குள் நைஜீரியா உலகிலேயே அதிகம் கோலா விளைவிக்கும் நாடாயிற்று.

சரக்கு பயணப்படும் முறை மாறியபோதும் அதைக் கையாளும் முறை அவ்வளவாக மாறவில்லை. 1916-இல் இபாடான் நகரில் ஹவுசா மக்களுக்கென ஒதுக்கப்பட்ட சாபோ குடியிருப்பைப் பற்றி மானிடவியலாளர் ஆப்னர் கோஹன் 1969-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. யொருபா தோட்டங்களில் விளைந்த கோலாவை வடக்கே அனுப்பும் வேலை சாபோவின் ஹவுசாத் தரகர்கள் கையில் இருந்தது. வணிகர் அவர்கள் வீட்டில் தங்கினர். கடனுக்கு அவர்களே பிணை நின்றனர். கொட்டையைத் தரம் பிரிக்கவும், இலை மாற்றவும், கூடை கட்டவும் தனித்தனி ஆட்கள் இருந்தனர். லாரியும் ரயிலும் தந்தியும் வந்த பிறகும் கூடையைத் திறந்து பார்க்க வேண்டிய நாளைக் கணித்தவர்கள் அவர்களே.